தினமும் வரைவது நின்றுபோனால் எங்கே பார்க்க வேண்டும்

திருச்சி தெப்பக்குளம் பக்கம் ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடி வரைகிறோம். வங்கியில் வேலை பார்ப்பவர், மளிகைக் கடைக்காரர், வீட்டைப் பார்த்துக்கொள்கிற அக்காக்கள், கல்லூரிப் பையன்கள், ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியர் என்று கலவையான கூட்டம். ஓவியத்தைத் தொழிலாக வைத்திருப்பவர் யாரும் இல்லை, நானும் கணக்கு எழுதுகிறவன்தான். ஆறு வருடத்தில் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் அதிகம் கேட்டது "எப்படி வரையறது" என்று இல்லை. "தினமும் கொஞ்சம் வரையலாம்னு ஆரம்பிச்சேன், நின்னுபோச்சு, என்ன பண்றது?" இதுதான் திரும்பத் திரும்ப வரும்.

எனக்கே நாலு தடவை நின்றிருக்கிறது. மற்றவர்களுக்கு நின்றதையும் சேர்த்தால் ஐம்பது தடவையாவது பார்த்திருப்பேன். எல்லோரும் முதலில் தங்கள் மன உறுதியைத்தான் குறை சொல்கிறார்கள், அப்புறம் கடைக்குப் போய் விலை உயர்ந்த ஸ்கெட்ச் புக் வாங்குகிறார்கள். இரண்டும் வேண்டாம். பாதிக்கு மேல் பேனாவை இடம் மாற்றி வைத்ததிலேயே சரியாகியிருக்கிறது. அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் செலவில்லாத காரணத்தை முதலில் வைத்திருக்கிறேன், பணமும் நாளும் பிடிப்பது கடைசியில். மேலிருந்து வரிசையாகப் பாருங்கள், சரியானதும் அங்கேயே நிறுத்திவிட்டு வரையப் போங்கள்.

இது நாளுக்கு ஐந்து, பத்து நிமிடம் நிம்மதியாக வரைய நினைப்பவர்களுக்கு. ஓவியக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்குத் தயாராகிறவர்களுக்கு வேறு கணக்கு.

அறிகுறி: நேரமே கிடைக்கவில்லை, நாள் முடிந்துவிடுகிறது

*பேனா எங்கே இருக்கிறது?* வீட்டில் வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்து கையை நீட்டிப் பாருங்கள். எழுந்திருக்காமல் தாளையும் பேனாவையும் தொட முடிகிறதா? முடியவில்லை என்றால் வேறு காரணம் தேடாதீர்கள், இதுதான். எங்கள் குழுவில் ஓர் அக்கா குழந்தைகள் கிறுக்கிவிடுவார்கள் என்று நோட்டைத் துணி பீரோவில் பத்திரமாக வைத்திருந்தார், மூன்று மாதம் நோட்டும் பத்திரமாகவே இருந்தது. அப்புறம் பரீட்சை அட்டை ஒன்றில் வெற்றுத் தாள்களைச் செருகி, பால்பாயிண்ட் பேனாவை நூலில் கட்டி, சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டினோம். குக்கர் மூன்று விசில் அடிப்பதற்குள் ஒரு படம். இன்றுவரை ஓடுகிறது.

*நேரத்தைக் கடிகாரத்தோடு கட்டியிருக்கிறீர்களா?* "காலை ஆறு மணிக்கு வரைவேன்" என்று வைத்தால், ஆறு மணிக்குக் குழாயில் தண்ணீர் வருகிற அன்று அது போச்சு. ஏற்கெனவே தினமும் தவறாமல் நடக்கிற ஒரு வேலைக்குப் பின்னால் வையுங்கள். எனக்கு அது காபி. டபராவில் ஊற்றி ஆற வைக்கிற நேரத்தில் வரைந்துவிடுவேன், பல நாள் அந்த டபராவையேதான். உங்களுக்கு அது பிள்ளையைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு வந்ததும் இருக்கலாம், இரவு மாத்திரை போடுவதற்கு முன்னால் இருக்கலாம். ஒரு வாரம் வைத்துப் பாருங்கள், ஏழில் நாலு நாள் நடந்தால் இடம் சரி. இரண்டுக்கும் கீழே என்றால் வேறு வேலையோடு சேருங்கள்.

*அளவு பெரிதா?* அரை மணி நேரம் என்று நினைத்திருந்தால் மூன்று நிமிடமாக்குங்கள். ஏ4 தாள் என்றால் அதில் நாலில் ஒரு பங்காக வெட்டிக்கொள்ளுங்கள். எனக்கு இதில் கைகொடுத்தது சுவரில் மாட்டுகிற தினசரி காலண்டர். நேற்றைய தேதியைக் கிழித்ததும் அதைக் குப்பையில் போடாமல் பின்பக்கத்தில் வரைகிறேன். பின்பக்கம் காலியாக இருக்கிற காலண்டராகப் பார்த்து மாட்டுங்கள், சிலவற்றில் விளம்பரம் அடித்திருப்பார்கள். அன்றைக்கு எவ்வளவு வரைய வேண்டும் என்பதை அந்தச் சின்னத் தாளே முடிவு செய்துவிடுகிறது, தேதியும் தானாக விழுந்துவிடுகிறது. வருடக் கடைசியில் ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டு கையில் இருக்கும். இதற்கு ஒரு பைசா செலவில்லை.

*உண்மையிலேயே நேரம் இல்லையா?* கைக்குழந்தை, வீட்டில் படுக்கையில் ஒருவர், வருடக் கணக்கு முடிக்கிற மார்ச் மாதம், இதெல்லாம் நிஜம். அப்போது தினசரி வேண்டாம், ஞாயிறு மட்டும் என்று வாய்விட்டுச் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள், எந்தத் தேதியில் மறுபடி தினசரிக்கு வருவீர்கள் என்று காலண்டரில் ஒரு வட்டம் போட்டுவிடுங்கள். சொல்லாமல் விடுவதுதான் உறுத்தும்.

அறிகுறி: உட்கார்ந்துவிடுகிறேன், என்ன வரைவதென்று தெரியாமல் எழுந்துவிடுகிறேன்

*தேடுகிறீர்களா?* போனில் படம் தேடத் தொடங்கினால் பத்து நிமிடமும் தேடலிலேயே போய்விடும், அப்புறம் கண்ணில் பட்டது எல்லாம் நம்மைவிட நன்றாக வரைந்தவர்களின் படம். போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு, உட்கார்ந்த இடத்திலிருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற முதல் பொருளை வரையுங்கள். சீப்பு, செருப்பு, ரிமோட், பாதி உரித்த வெங்காயம். நல்லதாகத் தேர்ந்தெடுக்கக் கூடாது, முதல் பொருள்தான்.

*பொருள் ரொம்பப் பெரிதா?* மூன்றாவது நாளே ஸ்ரீரங்கத்து ராஜகோபுரத்தை எடுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். 13 நிலை, நிலைக்கு நிலை பொம்மை, நாலாவது நிலையிலேயே கை ஓய்ந்துவிடும், மறுநாள் தாளைப் பார்க்கவே பிடிக்காது. ஒரு கலசம் போதும், இல்லையென்றால் அதே கோயிலில் சேஷராயர் மண்டபத்துத் தூணில் முன்காலைத் தூக்கி நிற்கிற குதிரையின் குளம்பு மட்டும்.

*தினமும் புதிதாக வேண்டும் என்று நினைக்கிறீர்களா?* ஒரு மாதம் ஒரே பொருளை வரைந்து பாருங்கள். ஓவியர் ஆதிமூலம் காந்தி நூற்றாண்டான 1969ஐ ஒட்டி காந்தியை வரிசையாகக் கோட்டோவியங்களாக வரைந்தார், ஒரே மனிதர், ஒவ்வொன்றும் வேறு படம். நான் எங்கள் வீட்டு வாசலில் கிடக்கிற செருப்புகளை 40 நாள் வரைந்தேன். யார் வந்தார்கள், யார் கிளம்பிவிட்டார்கள், எது யாருடைய அவசரத்தில் கவிழ்ந்தது என்று தினமும் செருப்பு வேறு மாதிரிதான் கிடந்தது.

இதற்கும் மேலே தடுமாற்றம் இருந்தால் ஒரு டப்பாவில் 30 துண்டுச் சீட்டு எழுதிப் போட்டுவையுங்கள், காலையில் ஒன்றை எடுங்கள், வந்ததை வரையுங்கள். வந்த சீட்டைத் திருப்பிப் போடக் கூடாது.

அறிகுறி: நாலு நாள், ஒரு வாரம் ஓடுகிறது, ஒருநாள் விட்டால் அதோடு சரி

எங்கள் குழுவில் அதிகம் பேருக்கு வருவது இதுதான்.

*விட்டதைச் சேர்த்து வரையப் பார்க்கிறீர்களா?* மூன்று நாள் விட்டதற்கு நாலாவது நாள் நாலு படம் என்று உட்கார்ந்தால் அது வட்டிக் கணக்குப் போல ஏறிக்கொண்டே போகும், ஒரு கட்டத்தில் தாளைக் கண்டாலே கடன்காரனைக் கண்ட மாதிரி ஆகிவிடும். நம் ஊரில் தினமும் வரைகிற பழக்கத்தை மிக நீண்ட காலம் விடாமல் வைத்திருப்பவர்கள் வாசலில் கோலம் போடுகிறவர்கள். அவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று கவனியுங்கள். துக்கம் நடந்த வீட்டில் சில நாள் கோலம் விழாது. காரியம் முடிந்து மறுபடி போடத் தொடங்கும்போது விட்டுப்போன நாட்களுக்கும் சேர்த்து யாரும் போடுவதில்லை, அன்றைய கோலம் மட்டும்தான். நீங்களும் அதையே செய்யுங்கள். விட்ட நாளின் காலண்டர் தாளைக் கட்டிலேயே சேர்க்காதீர்கள்.

*குறைந்தபட்ச அளவு ஒன்று வைத்திருக்கிறீர்களா?* என் அம்மாவுக்கு அவசரமான நாளில் நாலு புள்ளி, அதைச் சுற்றி ஓர் இழை, முடிந்தது. வெள்ளிக்கிழமை கொஞ்சம் பெரிதாக, மார்கழியில் தெருவை அடைக்க. மூன்று அளவுமே அவருக்கு "கோலம் போட்டாச்சு" தான். படத்துக்கும் இப்படி மூன்று அளவு வைத்துக்கொள்ளுங்கள். காய்ச்சல் நாளுக்கு ஒரே ஒரு கோட்டில் வரைகிற பொருள், சாதாரண நாளுக்கு ஒரு காலண்டர் தாள், விடுமுறைக்கு ஒரு முழுப் பக்கம். சோதனை எளிது: உடம்பு முடியாத நாளில்கூட உங்கள் சின்ன அளவைப் படுத்துக்கொண்டே வரைய முடிய வேண்டும். முடியாது என்றால் அது இன்னும் சின்னதாகவில்லை.

*21 நாளில் பழக்கம் ஆகிவிடும் என்று யாராவது சொன்னார்களா?* 2010இல் வெளியான லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஆய்வில் 96 பேர் தினமும் ஒரு சின்னப் பழக்கத்தைத் தொடங்கினார்கள், சாப்பிடுவது, குடிப்பது, உடற்பயிற்சி மாதிரி. அது தானாக நடக்கிற நிலைக்கு வர, ஆளைப் பொறுத்து 18 நாளிலிருந்து 254 நாள் வரை ஆகும் என்று கணக்கு வந்தது, நடுவில் 66. இடையில் ஒருநாள் விட்டது பெரிதாகப் பாதிக்கவும் இல்லை. ஆகவே 22ஆவது நாளும் கஷ்டமாக இருந்தால் உங்களிடம் கோளாறு எதுவும் இல்லை.

*சவாலில் சேர்ந்து ஆரம்பித்தீர்களா?* அக்டோபரில் 31 நாளும் மையால் ஒரு படம் என்கிற இங்க்டோபர் 2009இல் ஜேக் பார்க்கர் என்ற ஓவியர் தன் கை தேறுவதற்காகத் தொடங்கியது. நல்ல பயிற்சிதான், ஆனால் அதில் பலர் ஒரு படத்துக்கு இரண்டு மணி நேரம் போடுகிறார்கள், நவம்பர் 1ஆம் தேதி பேனாவைத் தொட மனம் வருவதில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள், அல்லது வாரம் ஒன்று என்று செய்யவும் அதிலேயே இடம் கொடுத்திருக்கிறார்கள், அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: வரைந்ததைப் பார்த்தால் பிடிக்கவில்லை, கிழித்துப் போடுகிறேன்

இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் "பிடிக்கவில்லை" என்பதற்குள் ஐந்தாறு வேறு வேறு கோளாறு ஒளிந்திருக்கும். முதல் வேலை, கிழிப்பதை நிறுத்துவது. வரைந்ததும் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு மறுநாள் பாருங்கள். வரைந்த கை சூட்டில் பார்த்தால் தப்பு மட்டும்தான் தெரியும். மறுநாளும் பிடிக்கவில்லை என்றால் கீழே எது பொருந்துகிறது என்று பாருங்கள்.

*கோடு ஒரே இழுப்பில் வராமல் முடிமுடியாக இருக்கிறது.* பேனாவை முனைக்குப் பக்கத்தில் இறுக்கிப் பிடித்து விரலால் மட்டும் வரைகிறீர்கள். இரண்டு விரற்கடை பின்னால் தள்ளிப் பிடியுங்கள். கோடு எங்கே தொடங்கி எங்கே முடியும் என்று இரண்டு புள்ளி வைத்து, தாளைத் தொடாமல் இரண்டு தடவை காற்றில் ஓட்டிவிட்டு, மூன்றாவது தடவை தாளில் இழுங்கள், முழங்கையும் சேர்ந்து நகரட்டும். சிக்குக்கோலம் போட்டுப் பழகிய கைகளுக்கு இது ஒரு வாரத்தில் வந்துவிடுகிறது, இழை எங்கே திரும்பும் என்று கை முன்கூட்டியே அறிந்திருக்கிறது. மற்றவர்களுக்கு ஒரு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

*கோடு சரி, ஆனால் ஒருபக்கம் சாய்ந்தாற்போல இருக்கிறது.* தாளைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்துப் பின்பக்கத்திலிருந்து பாருங்கள். மெல்லிய காலண்டர் தாளில் இது நன்றாகத் தெரியும், கெட்டித் தாள் என்றால் கண்ணாடி முன் காட்டுங்கள். சாய்வு உடனே கண்ணில் குத்தும். காரணம் பெரும்பாலும் தாளை மேசையில் படுக்க வைத்துக் குனிந்து வரைவது. பரீட்சை அட்டையை மடியில் சாய்த்து, பார்வைக்கு நேராக வைத்தால் போய்விடும்.

*டம்ளர், குடம், வாளி எல்லாம் கோணலாக இருக்கிறது.* வாயை மீன் மாதிரி இரண்டு பக்கமும் கூர்மையாக முடித்து, அடியை நேர்கோடாகப் போட்டிருப்பீர்கள். ஓரங்கள் வளைந்துதான் திரும்ப வேண்டும், கூர் இருக்கக் கூடாது. மேலிருந்து பார்க்கும்போது அடிவட்டம் வாய்வட்டத்தைவிட இன்னும் கொஞ்சம் உருண்டு தெரியும். இந்த ஒன்றைத் திருத்தியதும் பாத்திரங்கள் உட்கார ஆரம்பித்துவிடும். ஒரு வாரம் டபரா டம்ளர் மட்டும் வரைந்தால் போதும்.

*முகம் யார் மாதிரியும் இல்லை.* கண்ணை நெற்றியில் வைத்திருக்கிறீர்கள். உச்சந்தலைக்கும் தாடைக்கும் சரிபாதியில் கண் இருக்கும், அளந்து பாருங்கள். அதற்குப் பிறகும் வரவில்லை என்றால் மூன்று மாதம் முகத்தைத் தொடாதீர்கள். முகத்தில் ஒரு நூலளவு தப்பினாலும் ஆளே மாறிவிடுவார், செடியில் ஓர் இலை தள்ளிப்போனால் யாருக்கும் தெரியாது. முதுகைக் காட்டி நிற்பவர்களை வரையுங்கள், தோளும் நடையுமே யார் என்று சொல்லிவிடும்.

*அளவு பொருந்தவில்லை, தலை பெரிது, கால் இடம் போதவில்லை.* கையை முழுக்க நீட்டி, முழங்கையை மடக்காமல், ஒரு கண்ணை மூடிக்கொண்டு பென்சிலால் அளந்து பாருங்கள், அகலத்தைப் போல உயரம் எத்தனை பங்கு என்று. தாளில் மேலேயும் கீழேயும் ஒரு சின்னக் கோடு போட்டு, படம் அதற்குள் அடங்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டுத் தொடங்குங்கள்.

*எந்தத் தப்பும் தெரியவில்லை, ஆனாலும் பிடிக்கவில்லை.* இப்படிச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் வேறு யாருடைய படத்தோடோ ஒப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள். இதற்கு நான் சொல்வது, ஒரு வாரம் தாளைப் பார்க்காமல் வரையுங்கள். கண் பொருளின் ஓரத்திலேயே எறும்பு ஊர்கிற வேகத்தில் நகரட்டும், கை அதே வேகத்தில் தாளில் நகரட்டும், முடியும்வரை குனிந்து பார்க்கக் கூடாது. வருகிற படம் கோணல்மாணலாகத்தான் இருக்கும், எல்லோருக்கும் அப்படித்தான் வரும், அதனால் ஒப்பிட எதுவும் இல்லை. அதற்குள் பொருளை ஐந்து நிமிடம் முழுசாகப் பார்த்திருப்பீர்கள். எனக்கு இரண்டாவது தடவை நின்றபோது மறுபடி ஓட வைத்தது இந்த ஒரு பயிற்சிதான், அப்பாவின் கையை ஏழு நாள் இப்படி வரைந்தேன், அவர் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். அவர் சுண்டுவிரல் லேசாக உள்பக்கம் வளைந்திருக்கும் என்பது அதுவரை எனக்குத் தெரியாது.

நேற்றைய கோலம் சரியாக வரவில்லை என்பதற்காக இன்று வாசலை வெறுமையாக விட்ட வீட்டை நான் பார்த்ததில்லை. காலையில் அதைப் பெருக்கித் தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் புதியதைப் போடுகிறார்கள்.

அறிகுறி: தாளும் பேனாவும் தொல்லை கொடுக்கின்றன

மை பின்பக்கம் ஊறுகிறது என்றால் தாள் மெல்லியது, ஜெல் பேனா, இங்க் பேனா வேண்டாம், பால்பாயிண்ட் எடுங்கள். அதில் அழுத்தத்துக்குத் தக்கபடி கோடு வெளிறியும் அடர்ந்தும் வரும், அது ஒரு கூடுதல் வசதி. பென்சில் தேய்ந்து கறுப்பாகிறது என்றால் 6பி மாதிரி மென்மையான பென்சில் வைத்திருப்பீர்கள், 2பிக்கு வாருங்கள், கைக்கு அடியில் ஒரு துண்டுத் தாள் வைத்துக்கொள்ளுங்கள். வாட்டர்கலர் போட்டால் தாள் சுருள்கிறது என்றால் சாதாரண ஜெராக்ஸ் தாள் 70, 80 ஜிஎஸ்எம்தான் (தாளின் கனத்தைச் சொல்கிற அளவு), அது தண்ணீர் தாங்காது, 300 ஜிஎஸ்எம் தாள் வேண்டும். தாள், பேனா வகையில் பணம் செலவழிக்க வேண்டிய ஒரே இடம் இது, அதுவும் மூன்று மாதம் விடாமல் வரைந்த பிறகு. ரப்பரை மட்டும் கொஞ்ச நாள் ஒளித்து வையுங்கள். அழிப்பதில் போகிற நேரம் வரைவதில் போவதைவிட அதிகம்.

நல்ல நோட்டைக் கெடுத்துவிடுவோமோ என்று பயமாக இருந்தால் முதல் பக்கத்தில் பேனா எழுதுகிறதா என்று கிறுக்கிப் பாருங்கள். அப்புறம் அது நல்ல நோட்டு இல்லை, உங்கள் நோட்டு.

அறிகுறி: வெளியில் வரையக் கூச்சமாக இருக்கிறது

சுவர் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிற இடமாகப் பாருங்கள், பின்னாலிருந்து எட்டிப் பார்க்க இடம் இருக்காது. டீக்கடையில் ஒரு டீ சொல்லிவிட்டு உட்கார்ந்தால் அது முடியும்வரை உங்கள் இடம். சத்திரம் பேருந்து நிலையத்தில் நான் முதலில் வரைந்தது எல்லாம் அடுக்கி வைத்த பூக்கூடைகளும் பின்பக்கம் காட்டி நிற்கிற பஸ்களும்தான், ஆட்களை வரைய ஆறு மாதம் ஆனது. ஓடுகிற பஸ்ஸில் கோடு குதிக்கும், நிறுத்தத்தில் நிற்கும்போது மட்டும் வரையுங்கள். யாராவது கேட்டால் காட்டிவிடுங்கள், நம் ஊரில் அடுத்த கேள்வி "என்னை வரையுங்களேன்" என்பதாகத்தான் இருக்கும். ஒருவரை நேராகப் பார்த்து வரையும்போது, முக்கியமாகப் பெண்களையும் குழந்தைகளையும், கேட்டுவிட்டு வரையுங்கள். வேண்டாம் என்றால் அந்தத் தாளை மூடிவிட வேண்டும்.

அறிகுறி: போனில் போடாவிட்டால் வரையத் தோன்றுவதில்லை

ஒரு மாதம் எதையும் போடாமல் வரைந்து பாருங்கள். ஒருவருக்கு மட்டும் அனுப்பலாம், அவரும் வரைகிறவராக இருந்தால் நல்லது, பதிலுக்கு அவர் படத்தை அனுப்பட்டும். அந்த மாதத்தில் வரைவது பாதியாகக் குறைந்தால் காரணம் தெரிந்துவிட்டது. அப்போது போடுவதை ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், வாரத்தில் ஒன்று.

அறிகுறி: கை வலிக்கிறது, மரத்துப்போகிறது, கண் வலிக்கிறது

இங்கே பொறுத்துக்கொள்வது தப்பு. வலியோடு வரைந்து பழகினால் பழக்கம் நிற்பதோடு கையும் கெடும்.

முதலில் பிடியைப் பாருங்கள். வரைந்து முடித்ததும் நடுவிரலில் பேனா அழுந்திய குழி தெரிந்தால் ரொம்ப இறுக்கிப் பிடிக்கிறீர்கள். தடித்த பென்சில் வாங்கலாம், வாங்காமலும் சமாளிக்கலாம், பென்சிலைச் சுற்றித் துணி நாடாவோ ரப்பர் பேண்டோ சுற்றினால் போதும். அப்புறம் மேசை, முழங்கை தொங்காமல் தாங்கி நிற்கிற உயரம் வேண்டும். வெளிச்சம், வலக்கைக்காரர்களுக்கு இடப்பக்கத்திலிருந்து வர வேண்டும், இல்லாவிட்டால் கையின் நிழல் கோட்டின் மேலேயே விழுந்து, குனிந்து குனிந்து கழுத்து வலிக்கும். இத்தனையும் செய்து ஒரு வாரம் பாருங்கள்.

போகவில்லையா? எங்கே என்று பாருங்கள். கட்டைவிரலை உள்ளே மடக்கி முஷ்டி பிடித்து, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் மெதுவாகச் சாய்க்கும்போது கட்டைவிரல் பக்கம் சுரீர் என்று வலித்தால் அங்கே தசைநாரில் வீக்கம் இருக்கலாம், எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். கட்டைவிரல், ஆள்காட்டிவிரல், நடுவிரல் மரத்துப்போய், முக்கியமாக இரவில் தூக்கத்திலிருந்து எழுப்பினால் மணிக்கட்டில் நரம்பு அழுந்துகிறது என்று பொருள் வரலாம். இதைத் தள்ளிப்போடக் கூடாது. சர்க்கரை நோய், தைராய்டு குறைபாடு உள்ளவர்களுக்கு இது அதிகம் வரும், அதையும் சேர்த்துப் பரிசோதிக்கச் சொல்வார்கள். சுண்டுவிரல் பக்கம் மரத்தால் முழங்கையை மேசை விளிம்பில் ஊன்றுகிறீர்களா என்று பாருங்கள், அங்கே ஒரு துண்டை மடித்து வையுங்கள், அப்படியும் தொடர்ந்தால் மருத்துவர்தான்.

கை நடுங்குகிறது என்றால் வெறும் வயிற்றில் இரண்டாவது காபி குடித்திருக்கிறீர்களா என்று முதலில் யோசியுங்கள். சும்மா மடியில் வைத்திருக்கும்போதும் நடுங்கினால், அல்லது புதிதாகத் தொடங்கியிருந்தால், நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். வரைவதைவிட அது முக்கியம்.

40 வயதைத் தொட்டவர்களுக்குத் தனியாக ஒன்று. தாளைத் தள்ளிப் பிடித்தால் தெளிவாகத் தெரிகிறது, பக்கத்தில் மங்குகிறது என்றால் வெள்ளெழுத்து. கண் மருத்துவரிடம் போய் அளவெடுத்துக் கண்ணாடி போடுங்கள். எங்கள் ஆசிரியர் ஐயா ஒன்றரை வருடம் தன் கோடு கெட்டுப்போச்சு என்று நினைத்து வரைவதையே விட்டிருந்தார், கண்ணாடி போட்ட மூன்றாம் நாள் குளத்துப் படிக்கட்டை வரைந்துகொண்டு வந்து காட்டினார்.

அறிகுறி: வரைவதில் மட்டும் இல்லை, எதிலுமே பிடிப்பு இல்லை

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டு, சாப்பாடு பிடிக்காமல், முன்பு ரசித்த எதுவுமே இனிக்காமல் இருந்தால் இந்தப் பக்கத்தில் உள்ள எந்தச் சோதனையும் செய்யாதீர்கள். மூன்று அளவு, காலண்டர் தாள், எல்லாம் அப்புறம். மனநல மருத்துவரைப் பாருங்கள், அல்லது டெலிமானஸ் 14416க்கு அழையுங்கள், அரசின் இலவச எண், தமிழிலேயே பேசலாம். எங்களில் ஒருவர் இப்படி ஐந்து மாதம் வராமல் இருந்தார். நாங்கள் படம் பற்றிக் கேட்கவே இல்லை, ஞாயிற்றுக்கிழமை டீ குடிக்க மட்டும் கூப்பிட்டோம்.

அறிகுறி: தினமும் வரைகிறேன், ஆனால் ஒரே இடத்தில் நிற்கிறது

பழக்கம் சரியாகத்தான் ஓடுகிறது, சும்மா வரைவதே போதும் என்றால் இதை விட்டுவிடலாம். இல்லை, உறுத்துகிறது என்றால் பொருளை மாற்றுங்கள், அப்புறம் பேனாவை மாற்றுங்கள், இரண்டுக்கும் தலா ஒரு மாதம். அதே தப்பு மூன்று மாதத்துக்குப் பிறகும் அப்படியே இருந்தால்தான் ஆசிரியருக்குக் காசு கொடுக்க வேண்டிய நேரம். எங்கள் பக்கத்தில் கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில் படித்தவர்கள் வகுப்பு எடுக்கிறார்கள், உங்கள் ஊரிலும் விசாரித்தால் யாராவது கிடைப்பார்கள். முழு வருட வகுப்பில் சேராதீர்கள், மூன்று வகுப்புக்கு மட்டும் கேளுங்கள். முதல் நாளே ஒரு போட்டோவைக் கொடுத்து அப்படியே வரையச் சொல்கிறவரைவிட, உங்கள் தாள்களை வாங்கிப் புரட்டிப் பார்க்கிறவர் நல்லவர். அவரிடம் போகும்போது நன்றாக வந்த படங்களைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு போகாதீர்கள். கடைசி 30 நாள் தாளையும் தேதி வரிசையில் அப்படியே கட்டிக் கொண்டுபோய்க் கொடுங்கள், காய்ச்சல் நாளில் ஒற்றைக் கோட்டில் வரைந்ததையும் சேர்த்து.